பழவேற்காடு போகிறீர்களா? படகை விடுங்கள், நடந்து பாருங்கள்

ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த எனக்குப் பழவேற்காடு ஐம்பது சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனாலும் நாற்பது வயது வரை ஒரே ஒரு தடவைதான் போயிருந்தேன். அதுவும் ஆபீஸில் எட்டுப் பேர் சேர்ந்து வேன் பிடித்து, பதினொரு மணிக்குப் போய் இறங்கி, படகில் ஒரு சுற்று, இறால் வறுவல், ஏரிக்கு முன்னால் நின்று போட்டோ, மூன்று மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டோம். எப்படி இருந்தது என்று வீட்டில் கேட்டபோது "இறால் நல்லா இருந்துச்சு" என்பதைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. இந்தத் தை மாதம் அப்பாவையும் ஏழாவது படிக்கும் என் மகளையும் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். காலை ஏழரைக்கு ஊருக்குள் இருந்தோம், படகு ஏறவே இல்லை, சாயங்காலம் வரை நடந்தோம். இரண்டு தடவையும் போனது ஒரே ஊருக்குத்தானா என்று இருந்தது. போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று பார்த்ததை விவரமாக எழுதுகிறேன்.

முதலில் போகும் வழி. நம்ம பக்கத்துக்காரர்களுக்கு ரயில்தான் நல்லது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போவதற்குப் பதில், தண்டையார்பேட்டையில் விடியற்காலை கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்தால் முக்கால் மணி நேரத்தில் பொன்னேரி. டிக்கெட் பத்து ரூபாய். பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்கு பஸ் இருக்கிறது, ஷேர் ஆட்டோவும் இருக்கிறது. வலது பக்க ஜன்னல் ஓரம் உட்காருங்கள். எண்ணூர் தாண்டி ரயில் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தின் மேல் போகும்போது ஒரு பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், கீழே இடுப்பளவு தண்ணீரில் குனிந்து நிற்கும் ஆட்கள் தெரிவார்கள். குனிந்திருப்பவர்கள் பெரும்பாலும் இருளர்கள். சேற்றுக்குள் கையை விட்டுத் தடவி இறால் பிடிக்கிறார்கள், பிடித்ததைப் போடும் ஓலைக்கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள், இரண்டு கையும் வேண்டுமே.

அப்பா அந்த இடத்தில் எப்போதும் பேச ஆரம்பித்துவிடுவார். தாத்தா குடும்பத்தோடு 1964-இல் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர், அப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது. வியாசர்பாடியில் குடியேறிய புதிதில் அவர் தினமும் பார்த்தது பக்கிங்காம் கால்வாயில் வரும் விறகுப் படகுகளைத்தானாம். நீளமான படகு, பாய் இல்லாத நேரத்தில் கரையில் ஆள் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு நடப்பார். ஸ்ரீஹரிகோட்டா காட்டு விறகும், ஏரியில் அள்ளிய சுண்ணாம்புக் கிளிஞ்சலும் அந்த வழியாகத்தான் பேசின் பிரிட்ஜுக்கு வந்தன. கொக்ரேன் என்ற வெள்ளைக்காரர் பெயரில் 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே ஓடத் தொடங்கிய கால்வாய், பிறகு பழவேற்காடு ஏரி வரை நீண்டு, ஆந்திராவுக்குள்ளும் போனது. வடசென்னையின் பழைய வீடுகளில் பூசியிருக்கும் சுண்ணாம்பில் பழவேற்காட்டுக் கிளிஞ்சலும் இருக்கும் என்று அப்பா சொன்னபோது என் மகள் ஜன்னலிலிருந்து தலையைத் திருப்பி "நம்ம வீட்லயுமா தாத்தா?" என்றாள். இருக்கலாம். எங்கள் வீட்டுச் சுவர் அந்தக் காலத்துச் சுவர்தான்.

இறங்கியதும் நேராக ஏரிக்கரைக்குப் போங்கள். கோட்டையும் கல்லறையும் எங்கேயும் போய்விடாது, மீன் போய்விடும். எட்டரை மணிக்கு மேல் அங்கே ஈரத் தரையும் காக்காயும்தான் மிச்சம். நாங்கள் போனபோது ஃபைபர் படகுகள் ஒவ்வொன்றாக வந்து ஒதுங்கிக்கொண்டிருந்தன, ஏலம் சூடாக நடந்துகொண்டிருந்தது. காசிமேட்டு ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு இது சின்னதாகத் தெரியும், ஆனால் காசிமேட்டில் கிடைக்காத ஒன்று இங்கே உண்டு: ஏரி மீன். மடவை, கிழங்கான், கொடுவா, வெள்ளை இறால், அப்புறம் களி நண்டு. கடல் உப்பும் ஆற்றுத் தண்ணீரும் கலந்த நீரில் வளர்ந்த மீனுக்குத் தனி ருசி, அதை நான் எழுதி விளக்க முடியாது.

அப்பா காசிமேட்டில் முப்பது வருஷம் ஐஸ் வியாபாரம் பார்த்தவர். அவர் நண்டு வாங்கியதை மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு உபயோகப்படும். நண்டின் இரண்டு கொடுக்கையும் உடம்போடு சேர்த்து ஈரச் சணல் கயிற்றால் கட்டி அன்னக்கூடையில் அடுக்கியிருந்தார்கள். வாயோரம் சின்னச் சின்ன நுரை, கண் மட்டும் குச்சி மாதிரி வெளியே நீட்டி அசைந்தது. அப்பா ஒன்றை எடுத்து மல்லாத்தி, அடிவயிற்றுப் பக்கம் கட்டைவிரலால் அழுத்தினார். அமுங்கினால் உள்ளே தண்ணீர்தான், ஓடு கல் மாதிரி இறுகியிருந்தால் சதை நிறைந்திருக்கிறது. வயிற்று மடல் அகலமாக இருந்தால் பொட்டை, சினை இருக்க வாய்ப்பு உண்டு, குறுகலாகக் கூம்பியிருந்தால் ஆண். நாலை ஒதுக்கி, ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டு "இன்னாம்மா, கிலோ எவ்ளோ?" என்றார். "நீயே சொல்லு நைனா, பார்த்தா தெரிஞ்ச ஆள் மாதிரி கீற" என்றார் அந்த அம்மா. விலை உடனே படிந்தது. தெரியாதவர்களிடம் என்ன விலை சொல்வார்களோ தெரியாது, ஆனால் எங்களுக்கு முன்னால் வாங்கியவரிடம் சொன்ன அதே விலையைத்தான் எங்களிடமும் சொன்னார். வாங்குகிறவர்கள் ஒரு தெர்மோகோல் பெட்டி கொண்டு போங்கள்.

அங்கேயே ஒரு திண்ணையில் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம் அப்பா பேச்சுக் கொடுத்தார், அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. பழவேற்காட்டில் பார்த்தே ஆக வேண்டிய பாரம்பரியம் எது என்று கேட்டால் நான் இந்தப் பேச்சில் தெரிந்துகொண்ட 'பாடு' முறையைத்தான் சொல்வேன், அதற்குப் பலகையும் கிடையாது, வேலியும் கிடையாது. ஏரியில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் சுத்து வலை கட்டிவிட முடியாது. முகத்துவாரத்தை ஒட்டி, நீரோட்டத்தோடு இறால் வந்து போகும் நல்ல இடங்கள் கொஞ்சம்தான். அவற்றை ஊர்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொள்கின்றன, ஊருக்குள் சீட்டுப் போட்டு ஆட்களுக்குப் பிரிக்கிறார்கள். இன்று உனக்கு நல்ல இடம், நாளைக்கு அது அடுத்தவருக்கு, உனக்குச் சுமாரான இடம். பணக்காரர் ஏழை என்று இல்லை, சீட்டில் வருவதுதான். தலைமுறை தலைமுறையாகச் சண்டை பெரிதாகாமல் ஏரியைப் பங்கு போட்டு வைத்திருக்கும் ஏற்பாடு இது, வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆராய்ச்சி செய்ய வந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் இதில் இடம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரயிலிலிருந்து பார்த்தோமே, கையால் இறால் தடவும் இருளர்கள், அவர்களுக்குச் சீட்டில் பெயர் கிடையாது.

முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்து போவதுதான் இப்போது பெரிய கவலை என்றார் பெரியவர். வாய் அடைத்துக்கொண்டால் கடல் தண்ணீர் உள்ளே வராது, இறால் குஞ்சு வராது, படகும் வெளியே போக முடியாது. ஏரி சராசரியாக ஒரு மீட்டர் ஆழம்தான், அது மேலும் குறைந்துகொண்டே வருகிறது. இந்தியாவில் சில்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி என்று பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் என் மகள் படித்திருக்கிறாள். அந்த வரிக்குள் இருக்கும் மனிதர்களை அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

இப்போது படகு விஷயம். கரையில் நின்றால் ஐந்து நிமிஷத்துக்கு ஒருவர் வந்து "போட் ஏறுறீங்களா, முகத்துவாரம் வரைக்கும் கூட்டிப் போறேன்" என்று கேட்பார். தயவு செய்து ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று, இங்கே சுற்றிப் பார்க்க வந்தவர்கள் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். ஏரி ஆழம் இல்லையே என்று தோன்றும், ஆனால் முகத்துவாரத்தில் கடலும் ஏரியும் மோதும் இடத்தில் நீரின் இழுப்பு வேறு மாதிரி. அந்தப் படகுகள் மீன் பிடிக்கக் கட்டியவை, சேலையோடும் கைக்குழந்தையோடும் இருபது பேர் உட்காருவதற்குக் கட்டியவை இல்லை. முதல் தடவை நாங்கள் எட்டுப் பேர் ஒரு லைஃப் ஜாக்கெட் கூட இல்லாமல் ஏறியதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது. படகோட்டிகளைக் குறை சொல்லவில்லை, வலையில் கிடைக்காத நாளில் அவர்களுக்கு அது ஒரு வருமானம். ஆனால் சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் ஏரியைப் பார்க்கப் பாலத்தின் மேல் நடந்தால் போதும். பாலத்தின் நடுவில் நின்று வடக்கே பார்த்தோம், வெகு தூரத்தில் தண்ணீர் மேல் வெள்ளையாக ஒரு கோடு, கண்ணை இடுக்கிப் பார்த்தால் கோடு அசைகிறது. பூநாரைகள். மகளுக்கு அவ்வளவு தூரத்தில் பார்த்ததில் திருப்தி இல்லை. கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்றால் பனிக்காலத்தில் காலையிலேயே அண்ணாமலைச்சேரிப் பக்கம் போகச் சொன்னார்கள், இல்லையென்றால் ஆந்திரா எல்லைக்குள் சூளூர்ப்பேட்டை, ஸ்ரீஹரிகோட்டா சாலை. பைனாகுலர் இருந்தால் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குப் பத்து மணி வாக்கில் போனோம். மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம், சுற்றுச்சுவர், புல், எல்லாம் சுத்தமாக இருந்தது. நுழைவாயில் வளைவின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன, ஒன்றிடம் மணல் கடிகாரம். என் மகள் முதலில் பயந்து, அப்புறம் விலா எலும்புகளை எண்ண ஆரம்பித்தாள். உள்ளே எழுபதுக்கும் மேற்பட்ட கல்லறைகள், பெரும்பாலும் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சில தரையோடு தரையாகக் கிடக்கும் பலகைக் கல், சில வீடு மாதிரி கூரை போட்டவை, சில ஊசிக் கோபுரம் மாதிரி உயர்ந்தவை.

அவசரப்படாமல் ஒரு கல்லுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பாருங்கள். எழுத்துகளைக் கல்லில் குடைந்து எழுதவில்லை, சுற்றியுள்ள கல்லைச் செதுக்கி எடுத்து எழுத்தை மட்டும் மேடாக விட்டிருக்கிறார்கள். விரலை வைத்தால் ஒவ்வொரு எழுத்தும் தட்டுப்படுகிறது, முந்நூற்றைம்பது வருஷ மழைக்குப் பிறகும் ஓரம் மழுங்கவில்லை. மேலே குடும்பச் சின்னம், தலைக்கவசம், இலைக்கொடி, அதன் கீழே வரி வரியாகப் பழைய டச்சு. மொழி தெரியாவிட்டாலும் ஆண்டுகள் புரிகின்றன. மகள் ஒவ்வொரு கல்லாகப் போய்க் கழித்தல் கணக்குப் போட்டாள். முப்பதைத் தாண்டியவர்கள் குறைவு என்று அவளே கண்டுபிடித்துச் சொன்னாள். கணக்கு எல்லாக் கல்லுக்கும் சரியா தெரியாது, ஆனால் அந்த வெயிலில் அவள் குரல் மாறியதை நான் கவனித்தேன். கப்பலில் எட்டு மாதம் வந்து, இந்தக் காற்றிலும் காய்ச்சலிலும் இறந்துபோன பிள்ளைகளும் இளம்பெண்களும் அங்கே படுத்திருக்கிறார்கள். ஒரு கல்லில் கோட்டை ஒன்றின் உருவம் இருக்கிறது, அது இங்கே இருந்த கெல்ட்ரியா கோட்டைதான் என்று சொல்கிறார்கள். அதை நன்றாகப் பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நிஜக் கோட்டையில் பார்க்க ஒன்றும் மிச்சம் இல்லை.

கோட்டை இருந்த இடம் இப்போது சீமைக்கருவேல முள் மூடிய மேடு. சுற்றி அகழியின் பள்ளம் தெரிகிறது, அங்கங்கே செங்கல். விவரம் தெரியாமல் போனால் குப்பைமேடு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவீர்கள், போன தடவை நாங்கள் அப்படித்தான் தாண்டிப் போனோம். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம், ஏனென்றால் இந்த மேட்டைப் புரிந்துகொள்ளாமல் நம்ம சென்னையைப் புரிந்துகொள்ள முடியாது. விஜயநகர மன்னர் வேங்கடபதி ராயர் காலத்தில் அனுமதி வாங்கி டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கோட்டையை எழுப்பிவிட்டார்கள். சோழமண்டலக் கரை முழுவதற்கும் அவர்களுடைய தலைமையிடம் இதுதான், 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை. நாணயம் அச்சடித்தார்கள், வெடிமருந்து செய்து ஏற்றுமதி செய்தார்கள். ஆங்கிலேயர்களும் இங்கே கால் வைக்கப் பார்த்தார்கள், டச்சுக்காரர்களோடு ஒத்துப்போகாமல் வடக்கே ஆர்மகான் என்ற துர்க்கராயப்பட்டினத்துக்குப் போனார்கள், அங்கேயும் சரிவராமல் தெற்கே இடம் தேடி வந்து 1639-இல் வாங்கிய மணல்திட்டுதான் மதராஸ். பழவேற்காடு அவர்களுக்குக் கிடைத்திருந்தால் ஜார்ஜ் டவுனும் ராயபுரமும் எப்படி இருந்திருக்குமோ, நான் அந்த மேட்டின் மேல் நின்று அதைத்தான் யோசித்தேன்.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இந்தக் கரையிலிருந்து துணி மட்டும் போகவில்லை, மனிதர்களும் போனார்கள். பஞ்சத்தில் விற்கப்பட்டவர்களையும் பிடித்து வரப்பட்டவர்களையும் அடிமைகளாகக் கப்பலில் ஏற்றிப் பத்தாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பியிருக்கிறார்கள். ஏற்றியவர்களுக்குக் கல்லில் பெயரும் சின்னமும் இருக்கிறது. போனவர்களுக்கு இந்த ஊரில் ஒரு செங்கல் கூட இல்லை. ஒரு பலகையாவது வைக்கலாம், இரண்டு வரி போதும்.

அடுத்தது ஆதிநாராயணப் பெருமாள் கோயில். பழவேற்காட்டுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கோயிலைப் பார்ப்பதே இல்லை. செம்புரைக்கல்லில் கட்டியது, துருப்பிடித்த இரும்பு நிறத்தில் துளை துளையாக இருக்கும் அந்தக் கல்லைத் தமிழ்நாட்டுக் கோயில்களில் அதிகம் பார்க்க முடியாது. அப்படிப்பட்ட கரடுமுரடான கல்லுக்கு நடுவே, ராமாயணக் காட்சிகளைச் சின்னச் சின்னச் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குள் அடங்கும் போல இருக்கிறது. அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தாலும் மகள் விடவில்லை, அனுமாரை எல்லாக் காட்சியிலும் தேடிக் கண்டுபிடித்தாள். மொபைல் டார்ச் வேண்டாம், கொஞ்ச நேரம் நின்றால் கண் பழகிவிடும்.

கோட்டைக்குப்பத்தில் இருக்கும் மகிமை மாதா கோயிலுக்கு எங்கள் தெருவிலிருந்து வருஷா வருஷம் வேன் வைத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 1515-இல் போர்த்துகீசியர் காலத்தில் தொடங்கிய கோயில், ஆனால் இப்போது நிற்பது புதுக் கட்டடம். பழமையைத் தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும், கும்பிடப் போகிறவர்களுக்கு நிம்மதியான இடம்.

பள்ளிவாசல் தெருக்களுக்கு மதியம் போனோம், எனக்கு மனசு ஒட்டிக்கொண்டது இங்கேதான். பல நூறு ஆண்டுகளுக்கு முன்னால் அரபு நாட்டிலிருந்து நாலு கப்பலில் வந்தவர்களின் வழி நாங்கள் என்று இங்குள்ள குடும்பங்கள் சொல்கின்றன. தமிழை அரபி எழுத்தில் எழுதும் அரபுத் தமிழ் ஒரு காலத்தில் இங்கே புழங்கியது. பள்ளிவாசலில் தொழுகை நேரம் பார்க்கும் பழைய நிழற்கடிகாரம் ஒன்று இருக்கிறது, ஒருவர் அப்பாவை அழைத்துப் போய்க் காட்டினார், அப்பா கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டு வந்தார். தொழுகை நேரத்தில் போகாதீர்கள், கேட்டுவிட்டுப் போங்கள், எங்களிடம் யாரும் முகம் சுளிக்கவில்லை.

அந்தத் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் அறுபது வயது இருக்கும் ஓர் அம்மா பனையோலைப் பெட்டி முடைந்துகொண்டிருந்தார். குருத்தோலையை வெயிலில் காயவைத்து, நரம்பை உரித்து எடுத்து, ஒரே அகலத்தில் கிழித்து வைத்திருந்தார். சிவப்பும் பச்சையும் சாயம் போட்ட கீற்றுகள் ஒரு பக்கம். முடையும்போது பார்வை ஓலையில் இல்லை, எங்களோடு பேசிக்கொண்டே இருக்கிறார், விரல்கள் மட்டும் ஒன்றை விட்டு ஒன்றை எடுத்து மடித்துக்கொண்டே போகின்றன, மூலைக்கு வந்ததும் ஒரு நொடி நின்று, நகத்தால் அழுத்தி மடிப்பைக் கூராக்கிவிட்டுத் திரும்புகின்றன. ஓலை காய்ந்துவிட்டால் ஈரத்துணியால் ஒரு தடவு. மூடி போட்ட ஒரு சின்னப் பெட்டிக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "உக்காந்தா அரை நாள் தங்கச்சி. உக்கார விட்டாத்தானே" என்று சிரித்தார். நூற்றைம்பது ரூபாய் சொன்னார். பேரம் பேசாதீர்கள், தயவு செய்து. இதையே சென்னையில் கண்காட்சிகளில் மூன்று மடங்குக்கு வாங்குகிறோம்.

அவர் வீட்டு வாசலில் கொடியில் கட்டம் போட்ட கைலி ஒன்று காய்ந்தது, அதைப் பார்த்து அப்பா சொன்னது எனக்கு அதுவரை தெரியாது. ரங்கூனிலிருந்து வரும்போது தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் நாலு கைலி இருந்ததாம், அவற்றை அவர் பளையகாட் என்றுதான் சொல்வாராம். அது இந்த ஊரின் பெயர் என்று அப்பாவுக்கே பல வருஷம் கழித்துத்தான் தெரிந்ததாம். மலேசியாவில் இன்றைக்கும் கட்டம் போட்ட கைலிக்குக் காயின் பெலிகாட் என்று பெயர். மெக்சிகோவில் கழுத்தில் கட்டும் பூப்போட்ட கைக்குட்டையைப் பலியகாத்தே என்கிறார்கள், அதுவும் இங்கிருந்து போன பெயர்தான் என்று படித்திருக்கிறேன். உலகம் முழுக்கத் துணியில் ஒட்டிக்கொண்டு போன பெயர், ஆனால் அன்று முழுக்க நடந்தும் எங்கள் கண்ணில் ஒரு தறிகூடப் படவில்லை.

சாப்பாட்டைப் பற்றி நல்லதும் கெட்டதும் சொல்ல வேண்டும். மதியம் உட்கார்ந்து சாப்பிட ஒரு கடைக்குள் போனோம், பெயர் வேண்டாம். நண்டு மசாலா ஒரு பிளேட் என்று சொல்லி வரவழைத்து, பில் வரும்போது கிலோ கணக்கு என்றார்கள், எடை போட்டதை யாரும் பார்க்கவில்லை. அப்பா நிதானமாகக் கேட்டதும் குறைத்தார்கள், ஆனால் சாப்பிட்டது கசந்துவிட்டது. ஆர்டர் சொல்லும் முன்பே விலையையும் அளவையும் கேட்டு வாங்குங்கள். அதற்கு நேர்மாறாக, சாலையோரத்தில் அடுப்பு வைத்து மீன் வறுக்கும் பெண்களிடம் சாயங்காலம் வாங்கிச் சாப்பிட்ட மடவை வறுவல் அபாரம். மசாலா கொஞ்சம்தான், மீனின் ருசி முன்னால் நிற்கிறது, தோல் மொறுமொறுவென்று, முள் பக்கம் வரை வெந்திருந்தது. எண்ணெய் புதிதா என்று பார்த்து வாங்குங்கள், நாங்கள் பார்த்த கடையில் புதிதாகவே இருந்தது.

வசதிகளைப் பொறுத்தவரை மனதைத் திடப்படுத்திக்கொண்டு போக வேண்டும். பெண்களுக்குக் கழிப்பறை பெரிய பிரச்சினை. அந்த ஓலை முடையும் அம்மா வீட்டுக்குள் அழைத்ததால் நானும் மகளும் தப்பித்தோம், எல்லோருக்கும் அப்படி அமையாது, பொன்னேரி ஸ்டேஷனிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். நிழல் கிடையாது, குடை அவசியம். குடிதண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். வழிகாட்டிப் பலகைகள் போதாது, ஒரு இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குக் கேட்டுக் கேட்டுத்தான் போக வேண்டும், ஆனால் கேட்டால் கடையை விட்டு இறங்கி வந்து காட்டுகிறார்கள். அப்பாவுக்கு மூட்டுவலி உண்டு, நடுவில் ஒரு மணி நேரம் டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தோம், வயதானவர்களோடு போனால் அப்படி இடைவெளி விட்டுத் திட்டமிடுங்கள். தை, மாசிதான் சரியான காலம். சித்திரை வெயிலில் போகாதீர்கள், ஐப்பசி கார்த்திகையில் மழை எப்போது பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

மதிப்பெண் கேட்டால், ஊருக்கும் ஊர் மக்களுக்கும் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், கல்லறைத் தோட்டத்துக்கும் பெருமாள் கோயிலுக்கும் நாலரை, சுற்றுலா வசதிக்கு ஒன்றரை. அரை நாளில் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைப்பவர்கள் வேறு ஊருக்குப் போகலாம்.

ஐந்தரைக்குப் பொன்னேரி பஸ் ஏறினோம். அப்பா மடியில் தெர்மோகோல் பெட்டி, உள்ளே நண்டு கீறும் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. ஓலை முடையும் அம்மாவிடம் வாங்கிய பெட்டியை மகள் பென்சில் வைக்க எடுத்துக்கொண்டாள். அப்பாவுக்கு வெற்றிலைப் பெட்டி ஒன்று, உள்ளே இரண்டு தடுப்பு வைத்து, சுண்ணாம்புக்குத் தனி மூலை வைத்து முடைந்து தரச் சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். மாசி கடைசியில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார், அப்போது அண்ணாமலைச்சேரி வழியாகப் போகலாம் என்று மகள் இப்போதே சொல்லிவிட்டாள்.